பெயர்ப் பட்டியல் மூன்று மணி நேரம் தாமதம்

செருப்பைக் கழற்றும்போதே வந்தவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"எங்க ரெண்டாவது சர்வர் ஆமை மாதிரி நகருது. குத்தம் மெஷின் மேலயா, அதைப் பார்த்துக்குற ஆள் மேலயான்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும்."

அவர் ஒரு ரத்த வங்கியின் கணினிப் பிரிவு மேலாளர். வலைப்பின்னல் கோளாறுகளைக் கண்டுபிடித்துத் தருவது மருமகளின் தொழில். கூடவே போய், முந்திக்கொண்டு தப்பான ஆளைப் பிடிப்பது மாமனாரின் தொழில். முப்பது வருடம் பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போதும் குறிப்பேட்டைத் திறந்து தயாராக உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். எந்த இயந்திரத்தின் பெயருக்கு எந்த நெட்வொர்க் முகவரி என்ற பட்டியல் வங்கியின் முதல் டிஎன்எஸ் சர்வரில் இருக்கிறது. அதன் நகலை இரண்டாவது சர்வர் எடுத்து வைத்துக்கொள்ளும். மருத்துவமனைகளில் பாதி முதலாவதைக் கேட்கும், மீதி இரண்டாவதை. திங்கட்கிழமை, ரத்தக் கோரிக்கைகளை வாங்கும் இயந்திரம் படுத்துவிட்டது. மாற்று இயந்திரத்தின் முகவரியை ஒரே நிமிடத்தில் முதல் சர்வரில் எழுதிவிட்டார்கள். இரண்டாவது மட்டும் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கான கோரிக்கை, செத்த இயந்திரத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் நர்ஸ் போனில் கூப்பிட்டதால் அந்தப் பெண் பிழைத்தாள்.

"நூலிழை," என்றார் மேலாளர். "ரெண்டாவதைப் பார்த்துக்குற பொண்ணை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க."

"சமீபத்துல எதையாவது மாத்துனீங்களா?" என்று கேட்டாள் மருமகள்.

"ஒண்ணுமே மாத்தல. சொல்லப்போனா, எங்க பக்கத்துல வேகத்தைக் கூட்டத்தான் செஞ்சிருக்கோம்."

மாமனார் எழுதிக்கொண்டார்: லைன் குறுகல். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. ரோடு குறுகலாக இருந்தால் பஸ் ஊர்ந்துதானே வரும்?

பதினொன்றரைக்கு ரத்த வங்கியின் சர்வர் அறையில் இருந்தார்கள். குளிரில் மாமனாரின் மூக்கு ஒழுகியது. இரண்டாவது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே பென்சில்தான். அழுது முகம் வீங்கியிருந்தாலும், கேட்ட காகிதத்தைச் சட்டென்று நீட்டினாள்.

"மூணு வாரமா குறிச்சு வச்சிருக்கேன் மேடம். அங்க எப்ப மாத்துனாங்க, இங்க எப்ப வந்துச்சுன்னு."

மாமனார் எட்டிப் பார்த்தார். ஒன்பதரைக்குச் செய்த மாற்றம் பன்னிரண்டே காலுக்கு வந்திருந்தது. பதினொன்று ஐம்பதுக்குச் செய்ததும் அதே பன்னிரண்டே காலுக்கு. பன்னிரண்டு நாற்பதுக்குச் செய்தது மூன்று பத்துக்கு. இரண்டு ஐம்பத்தைந்துக்குச் செய்ததும் மூன்று பத்துக்கே.

"நகல் எடுக்க எவ்வளவு நேரமாகுது?" என்று கேட்டாள் மருமகள்.

"ரெண்டே செகண்டு மேடம். அதான் எனக்கும் புரியல."

மாமனாரின் விரல் காகிதத்தில் நின்றது. சொந்தக் குறிப்பேட்டை மெல்ல மூடினார்.

"அம்மாடி, ரோடு குறுகல்னா எல்லா வண்டியும் ஒரே மாதிரில்ல லேட்டாகணும்? இதுல ஒண்ணு ரெண்டே முக்கால் மணி லேட்டு, இன்னொண்ணு இருபத்தஞ்சு நிமிஷம். ஆனா வந்து சேர்ற நேரம் மட்டும் ஒண்ணு. இது டைம்டேபிள்ல ஓடுற வண்டி. கிளம்புனா பறக்குது, கிளம்பத்தான் மாட்டேங்குது."

"சரியா பிடிச்சிட்டீங்க மாமா," என்றாள் மருமகள். அவருக்குக் காது சிவந்தது.

அவள் முதல் சர்வரின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். அங்கே இரண்டு கேபிள்கள். ஒன்று சாம்பல் நிறம், தூசி படிந்தது. மற்றொன்று பளிச்சென்ற நீலம், கடையில் கட்டிய பிளாஸ்டிக் முடிச்சுகூட முழுதாக அவிழவில்லை.

பிறகு பென்சிலிடம் வந்தாள். "உங்க சர்வர் வந்ததை மட்டும்தான் பதிவு பண்ணுது. திருப்பி அனுப்பினதையும் பதிவு பண்ணச் சொல்லுங்க." மேலாளரிடம், "நீங்க பட்டியல்ல ஒரு பெயரைச் சேருங்க," என்றாள்.

அவர் சேர்த்தார். அடுத்த நொடியே பென்சிலின் திரையில் ஒரு வரி விழுந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள்: "அறிவிப்பு நிராகரிக்கப்பட்டது. அனுப்பியவர் தெரியாதவர்."

"யாரது? ஹேக்கரா?" மாமனார் எழுந்தேவிட்டார்.

"உட்காருங்க மாமா. வெளியாள் யாரும் இல்ல." மருமகள் மேலாளரைப் பார்த்தாள். "நீங்க ‘மெதுவா’ன்னு சொன்னீங்க. அந்த வார்த்தைதான் எல்லாரையும் சுத்த விட்டுச்சு. பட்டியல் மாறுனா முதல் சர்வர் உடனே ஒரு சேதி அனுப்பும், ‘புதுசு இருக்கு, எடுத்துக்கோ’ன்னு. அந்தச் சேதி கிடைக்கலன்னா, ரெண்டாவது தானாவே சுமார் மூணு மணி நேரத்துக்கு ஒருதரம்தான் போய்க் கேக்கும். மாமா பார்த்த டைம்டேபிள் அதுதான்."

"சேதிதான் வருதே?" என்றார் மேலாளர்.

"வருது, ஆனா புது முகவரியிலிருந்து. பின்னாடி ஒரு நீல கேபிள் இருக்கு. மூணு வாரம் முன்னாடி வேகத்துக்காக ரெண்டாவது நெட்வொர்க் கார்டு ஒண்ணு போட்டிருக்கீங்க. அன்னையிலிருந்து சேதியெல்லாம் அது வழியாப் போகுது. இவங்க சர்வருக்குத் தெரிஞ்சது பழைய முகவரி மட்டும்தான். அதனால தெரியாத ஆள்னு திருப்பி அனுப்புது. ரெண்டாவது தானாப் போய்க் கேக்குறப்ப பழைய முகவரி பதில் சொல்லுது, நகல் ஒழுங்கா வந்துருது. எதுவும் உடையாததால யாருக்கும் சந்தேகம் வரல."



"நான் அன்னைக்கே மெயில் போட்டுக் கேட்டேன் சார்," என்றாள் பென்சில். "ஏதாவது மாத்துனீங்களான்னு. இல்லன்னு எழுதுனீங்க."

"கார்டு போட்டதை மாத்துனதா நான் நினைக்கலம்மா," என்றார் மேலாளர். குரல் அவருக்கே சரியாகக் கேட்டிருக்காது.

பென்சில் தன் சர்வரில் புது முகவரியை ஒரு வரியாகச் சேர்த்தாள். மேலாளர் இன்னொரு பெயரைப் பட்டியலில் எழுதினார். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுப்பதற்குள் அது இந்தப் பக்கத் திரையில் வந்து நின்றது. மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணு செகண்டு," என்று டிப்போவில் அறிவிப்பதுபோல அறிவித்தார்.

மேலாளர் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலிடத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார். "திங்கட்கிழமை நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு" என்று தொடங்கி, அடித்தார். "எதிர்பாராத விதமாக" என்று எழுதி, அதையும் அடித்தார். மூன்றாவது காகிதத்தில் பேனா அசையவே இல்லை.

பென்சில் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"‘நான்’னு ஆரம்பிங்க சார்," என்றாள். "மீதி தானா வரும்."

 அவர் அப்படியே எழுதினார்.