கையெழுத்துப் போடாத வீடு

சுவர் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேர்த்திருந்தது. தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் துடைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், சரியாக அவள் வாய் உயரத்தில். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் வேர்த்தது.

வெயில் உள்ளே இறங்காவிட்டால் கரண்ட் மிச்சமாகுமாம். அதற்காக வீட்டுக்காரர் மூன்று வாரமாகக் கட்டடத்தையே மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சுவரெல்லாம் நுரைப்பலகை, ஜன்னலில் திறக்கவே முடியாத இரட்டைக் கண்ணாடி, வென்டிலேட்டர் ஓட்டையில் பிசின். தெருச் சத்தம் அடியோடு நின்றுபோனது. கருகிய பிளாஸ்டிக் வாடையும் அவள் விட்ட மூச்சும் மட்டும் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. குடியிருக்கிறவர்களை யார் மதித்தார்கள்? சம்மதக் காகிதத்தை மூஞ்சிக்கு நேரே நீட்டினார்கள், அவ்வளவுதான். அவளும் பக்கத்து வீட்டு டீச்சரும் மட்டும் முடியாது என்றுவிட்டார்கள்.

டீச்சரை நான்கு நாளாகக் காணோம்.

டக். வேர்த்த சுவருக்குள்ளிருந்து, டீச்சர் வீட்டுப் பக்கம்.

தையல்காரி வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், பக்கத்து வீட்டுல யாரோ தட்டுறாங்க."

"அது காலி வீடும்மா. பலகை வச்சு அடைச்சாச்சு."

"காலியா? டீச்சர் இருக்காங்களே!"

"லிஸ்ட்ல கையெழுத்து இல்லையே. கையெழுத்து இல்லாததெல்லாம் காலின்னு பூச்சு வேலை ஆளுங்ககிட்ட குடுத்துட்டேன்."

"கதவைத் தட்டிப் பாத்தீங்களா? நாங்க மனுஷங்களா இல்ல மூட்டை முடிச்சா?" ஆத்திரத்தில் அவள் குரல் கிழிந்தது.

"சும்மா கத்தாதீங்க. ஆமா, நீங்க எந்த வீடு?"

சொன்னாள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அதுவும் காலின்னுதான்மா இருக்கு."

போன் செத்துப்போனது.

மணி நான்காகப் போகிறது. பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்துவிடுவாள். தையல்காரி ஓடிப்போய் வாசல் கதவை இழுத்துத் திறந்தாள்.

வெள்ளைப் பலகை. நான்கு ஓரத்திலும் ஈர நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

உதைத்தாள். அசையவில்லை. வாயைப் பலகையில் வைத்து மகளைப் பெயர் சொல்லி அலறினாள். நுரை அலறலைக் குடித்தது.

காதைப் பலகையில் ஒட்டினாள். அந்தப் பக்கம் மகளின் சின்னச் செருப்புச் சத்தம். வந்தது. நின்றது.

"அங்கிள், எங்க வீட்டுக் கதவு எங்க?"

"இது காலி வீடு பாப்பா. தள்ளி நில்லு."

பலகையைப் பிறாண்டித் தையல்காரியின் நகம் பிய்ந்தது. மூச்சு முட்டியது. டீச்சர் வீட்டுச் சுவரில் தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அங்கிள், பலகையில இங்க மட்டும் ஏன் ஈரமா இருக்கு?"

"இரு, இன்னொரு பூச்சு பூசிடுறேன்."