நீலம் பாரித்த குழந்தை

காலை ஆறு மணி. தொட்டிலை எட்டிப் பார்த்த தாய் வீறிட்டாள். பிறந்து இரண்டு மாதமேயான குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்துக் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் ஊசியில் ஏறிய ரத்தம் காப்பி நிறத்தில் இருந்தது. "உடம்புல ஏதோ விஷம் கலந்திருக்கு," என்ற டாக்டர், மாற்று மருந்து கொடுத்து உயிரைப் பிடித்து நிறுத்தினார். ராத்திரி புட்டிப்பால் புகட்டியது குழந்தையின் அத்தை. அவளுக்கும் அண்ணிக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். இது போதாதா? கூடப் பிறந்த அண்ணனே அவளைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் பகல் பன்னிரண்டு. அத்தை லாக்கப்பில் இருக்கும்போதே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தை மறுபடியும் நீலமானது. பெண் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அப்படியானால் கொலைகாரன் வெளியில் அல்லவா திரிகிறான்!

"அம்மாவைத் தவிர யாரையும் கிட்ட விடாதீங்க," என்று காவல் போட்டுவிட்டு, அந்த வீட்டுக்கு விரைந்தார்.

மலைச்சரிவின் அடியில் வீடு. பின்னால் ஓடை, பாறையெல்லாம் வழுவழுவென்று பச்சைப் பாசி. மேலே போன வருஷம்வரை காடு. இப்போது ஒரு மரம் இல்லை, வெறும் உழவு நிலம்.

"மேல என்ன போட்டிருக்கீங்க?" என்று குழந்தையின் அப்பாவைக் கேட்டார்.

"முட்டைக்கோசு, மேடம். போன வாரம்தான் உரம் போட்டேன். மறுநாளே பேய்மழை. அத்தனையும் கரைஞ்சு போச்சு."

"கரைஞ்சு எங்க போச்சு?"

அவன் ஓடையைக் காட்டினான்.

"குடிக்கிற தண்ணி?"

"இதேதான். நாங்களும் குடிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே! குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கன்னா என் பொண்டாட்டி பாதியா வத்தற வரைக்கும் கொதிக்க விடுவா. ஆஸ்பத்திரித் தண்ணிய நம்பாம, அதையேதான் ஃபிளாஸ்க்ல கொண்டு போயிருக்கா."

இன்ஸ்பெக்டர் உடனே குழந்தையின் அம்மாவுக்குப் போன் போட்டார். போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எடும்மா... எடுத்துத் தொலையேன்..."

"மேடம்? பசியில கத்தறான், பால் கலக்கிட்டு..."

"கீழ கொட்டு! ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது!"

கொட்டிவிட்டதாகக் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அவன் பக்கம் திரும்பினார்.

"கொதிச்சா கிருமி சாகும். உரம் சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாகும். உங்க உடம்பு தாங்கிடும். பச்சைக் குழந்தை ரத்தம் தாங்காது. மரம் நின்னிருந்தா மழை இவ்வளவையும் வழிச்சுட்டு வந்திருக்காது. காட்டை வெட்டினது யாரு? மழைக்காலத்துல உரத்தைக் கொட்டினது யாரு? விஷம் வெச்சது உங்க தங்கச்சி இல்ல. நீங்கதான்."

சாயங்காலம் லாக்கப் கதவு திறந்தது. அழுதழுது முகம் வீங்கிய தங்கை, அண்ணனைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"அண்ணா, பிள்ளை பிழைச்சுட்டானா?"

அவன் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.