பெயருக்குக் கீழே

பிளக் சுவரிலிருந்த ஆணியில் தொங்கியது. மெஷினுக்கு மின்சாரமே போகவில்லை. ஆனாலும் அதன் கதவில் உள்ளங்கையை வைத்ததும் பரந்தாமனுக்குச் சூடு தெரிந்தது. இறக்கி வைத்த சோற்றுப் பானையைப் போலச் சுள்ளென்று அல்ல, காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி, உள்ளேயிருந்து மெல்லக் கசிகிற சூடு.

"கடைசியா எப்போம்மா ஓட்டினீங்க?"

"ஒரு வாரம் இருக்கும்ப்பா. அந்தச் சத்தம் பொறுக்காமத்தான் பிளக்கைப் பிடுங்கி மாட்டிட்டேன்," என்றார் பார்வதம்.

பக்கத்திலேயே கேஸ் அடுப்பு இருந்தது. மத்தியானச் சமையலின் சூடு தகரத்தில் தங்கியிருக்கும் என்று எடுத்துக்கொண்டான். காலையிலிருந்து இது மூன்றாவது வீடு. களைத்துப்போன மனசுக்கு முதலில் கிடைக்கிற காரணமே போதுமானதாக இருக்கும்.

திருநின்றவூர் ஏரி நிரம்பி, தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஸ்டேஷனிலிருந்து பையைத் தோளில் போட்டு, பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி நடந்து வந்திருந்தான். வலது முழங்கால் ஈரத்தில் விண்விண்ணென்று தெறித்தது. அம்பத்தூரில் பதினான்கு வருஷமாக வாஷிங் மெஷின் ரிப்பேர்தான் அவன் தொழில். பாத்திரம் கழுவுகிற மெஷின் என்று அதுவரை பார்த்தது மொத்தம் நான்கு. இது ஐந்தாவது. பார்வதத்தின் மகன் ஆனந்தன் ஜெர்மனியிலிருந்து மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பியது. அவர் கணவர் திருவேங்கடம் ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த வருஷம் அது. இப்போது வீட்டில் பார்வதம் மட்டும்தான்.

"எதுக்கும் முழுசாச் சொல்லுங்கம்மா. இன்னா இன்னா கோளாறு?"

அவர் விரல் விட்டுச் சொன்னார். தண்ணீர் முழுக்க வெளியே போவதில்லை. டம்ளரெல்லாம் வெள்ளை பூத்து வருகிறது. நாற்றம் அடிக்கிறது. சில பாத்திரங்களில் கீறல் விழுகிறது. கடைசியாக, சத்தம்.

"எந்த மாதிரி சத்தம்?"

"உள்ளே யாரோ உட்கார்ந்து தட்டுற மாதிரி." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "எனக்குக் கண்ணுல புரை. காதாவது நல்லா இருக்கேன்னு நினைச்சேன், இப்போ அதுலயும் சந்தேகம்."

"கரண்டி கிரண்டி நீட்டிகினு இருந்தா, சுத்துற குழாய் அதுல மோதும். அதான் சத்தம், அதான் கீறல். ரெண்டுக்கும் ஒரே மருந்து." அவன் மணி பார்த்தான். இரண்டே முக்கால். ஐந்து பத்துக்கு வரும் ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

மனைவி கஸ்தூரிக்கு எட்டாம் மாதம். முன்னால் இரண்டு தங்கவில்லை. காலையில் டப்பாவில் தயிர்சோறு கட்டிக் கொடுத்தபோது, விடியற்காலையிலிருந்து அடிவயிறு கனமாக இருக்கிறது என்றாள். அவன் முகம் மாறியதைப் பார்த்து, "போய்ட்டு வா, ஞானம்மா அக்கா பக்கத்துலதான கீறாங்க. வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடு, அது போதும்," என்றாள். வந்துடு என்று அவள் சொன்ன விதம் நாள் முழுக்க அவன் கூடவே வந்துகொண்டிருந்தது.

வேலையில் அவனுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தண்ணீர் நுழைகிற இடத்தில் தொடங்கி வெளியேறுகிற இடத்தில் முடிப்பான். முதலில் உள்ளே வரும் குழாயைக் கழற்றினான். வாயிலிருந்த சிறு சல்லடை, போர் தண்ணீரின் உப்பு படிந்து சுண்ணாம்புக் கட்டியாக இருந்தது. எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டான். பிறகு மேலும் கீழும் தண்ணீரைப் பீய்ச்சுகிற இரண்டு சுழல் குழாய்களை எடுத்து, ஒவ்வொரு துளையையும் ஊக்கால் குத்தித் திறந்தான்.

"இத்தனையும் கழட்டுறியே, திரும்ப மாட்டத் தெரியுமா?" என்றார் பார்வதம், முக்காலியில் உட்கார்ந்து.

"மாட்டினப்புறம் ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாச்சுன்னா அத்த நீங்களே வச்சுக்கங்கம்மா, இனாம்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை."

அடியில் இருந்த வடிகட்டியைத் திருகி எடுத்தபோது நாற்றம் முகத்தில் அறைந்தது. புளிச்சக்கை, கறிவேப்பிலை, ஊறி வெடித்த சோற்றுப் பருக்கைகள், எல்லாம் ஒரு கூழாக. அதற்கும் கீழே, விரலை விட்டுத் துழாவியபோது, பொடியாக ஏதோ உறுத்தியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எவர்சில்வர் துகள். சிறு சிறு சுருளாக, உளி செதுக்கி எறிந்ததுபோல ஒரு கைப்பிடி இருந்தது. குழாய் மோதி இவ்வளவு உதிராது. அப்படி மோதியிருந்தால் குழாயில் தேய்மானம் இருக்கும். தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது.

துகள்களைக் காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்தான். வேலையைத் தொடர்ந்தான்.

கழிவுக் குழாய் தரையோடு கிடந்தது. போன தண்ணீர் திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம். உயர்த்தி வளைத்துக் கட்டினான். கதவு ரப்பரைத் துடைத்தான். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சுழல் குழாயைக் கையால் சுற்றிப் பார்த்தான். எதிலும் தட்டாமல் ஒரு முழுச் சுற்று போய் நின்றது.

மூன்றே முக்கால். மழை மறுபடி பிடித்துக்கொண்டதில் சமையலறை இருட்டிவிட்டது. பார்வதம் ட்யூப் லைட்டைப் போட்டார். அது இரண்டு தரம் சிமிட்டிவிட்டு எரிந்தது.

"ஓட்டிப் பாக்கறதுக்கு ஏதாவது பாத்திரம் தரவாப்பா? இந்த அலமாரில இருக்கிறது மட்டும் வேண்டாம். அது எங்கம்மா வீட்டுச் சீர். என் பேர் வெட்டினது. அதை மெஷின்ல போட மாட்டேன், கையாலதான் தேய்ப்பேன்."

"வேணாம்மா. என் டப்பாவே போதும்."

அதுவும் அவன் ஒழுங்கில் ஒன்று. அடுத்தவர் பாத்திரத்தைப் போட்டுச் சோதித்தால், அதிலிருந்த பழைய கீறலுக்கும் மெக்கானிக்தான் பழி ஏற்க வேண்டிவரும். தன் டப்பா என்றால் அதில் எது பழசு, எது புதுசு என்று அவனுக்குத் தெரியும். தயிர்சோறு காய்ந்து ஒட்டிய டப்பாவை மேல் தட்டின் நட்டநடுவில் கவிழ்த்தான். மூடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். மூடியில், பூந்தமல்லிப் பாத்திரக் கடையில் கல்யாணத்துக்கு மாமியார் வெட்டச்சொல்லி வாங்கிக் கொடுத்தது, புள்ளிப் புள்ளியாக: கஸ்தூரி. 7-6-87.

கதவை மூடினான். ஆணியிலிருந்து பிளக்கை எடுத்துச் செருகினான். பொத்தானை அழுத்தினான்.

தண்ணீர் இறங்கியது. சுழல் குழாய் சுற்றத் தொடங்கியது. கூரை ஓட்டில் மழை அடிப்பதுபோல ஒரு சீரான இரைச்சல். பின்பக்கம் கழிவுக் குழாய் ஒழுங்காகத் துப்பியது. பரந்தாமன் தரையில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டான். பார்வதம் காபி போட்டுக் கொடுத்தார். சூடான காபி, நனைந்த சட்டை, அந்த இரைச்சல் எல்லாம் சேர்ந்து கண்ணைச் சொருக வைத்தன.

டக்.

நிமிர்ந்தான்.

டக். டக். டக். சற்றே இடைவெளி. டக். டக்.

"கேட்டியா?" என்றார் பார்வதம் தாழ்ந்த குரலில். "இதேதான்."

சுற்றுகிற குழாய் மோதினால் சுற்றுக்கு ஒரு தரம், ஒரே தாளத்தில் மோத வேண்டும். இது அப்படி இல்லை. நான்கைந்து தட்டு, பிறகு நிறுத்தம், பிறகு இன்னும் சில, ஏதோ யோசித்துச் செய்வதுபோல. இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறான். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

"ஆரம்பிச்ச புதுசுல இல்லைப்பா. வந்து ஆறு மாசம் கழிச்சுதான். எப்பவாவது. சத்தம் கேட்டா அன்னைக்கு ஏதாவது ஒண்ணுல கீறல். பாரேன், எடுத்துட்டு வரேன். பாலிஷ் போட்டா போகுமான்னு சொல்லு."

அவர் உள்ளேயிருந்து ஒரு துணிப்பை கொண்டுவந்தார். ஒரு தட்டு, ஒரு சொம்பு, ஒரு டவரா. மூன்றிலும் பெயர் வெட்டிய இடத்துக்குக் கீழே வெள்ளையாக உப்புப் படிந்து சொரசொரவென்றிருந்தது. அவன் மிச்சமிருந்த எலுமிச்சைத் தோலால் தட்டின் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு டார்ச்சை அடித்தான்.

"கீறல் இல்லம்மா. தேதி வெட்டிக் கீது."

"தேதி மேலேதானப்பா இருக்கும். நாங்க வீடு குடிவந்த தேதி."

"அது மேல. இது கீழ. திருவேங்கடம்னு பேரு. மேல 10-9-92. கீழ..." டார்ச்சைச் சாய்த்தான். "3-5-93."

பார்வதம் கையை நீட்டி அந்த இடத்தை விரலால் தடவினார்.

டக். டக்.

"அவர் போன நாள்," என்றார்.

பரந்தாமன் சொம்பை எடுத்துத் தேய்த்தான். கை தானாகச் செய்தது. "நாகம்மாள். கீழ 21-12-93."

"என் நாத்தனார். கார்த்திகை முடிஞ்சு... மார்கழி. ஆமா."

"வேலுசாமி. 30-8-94."

"என் தம்பி." முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். "அந்த டவராவைக் கீறல்னு நான் எடுத்து வச்சது காலையில. சாயங்காலம் தந்தி வந்துச்சு. எனக்குக் கண்ணு தெரியலையேப்பா. நான் வெறும் கீறல்னுதானே..." சட்டென்று எழுந்து, தட்டுத் தடுமாறி, சாமான் கூடையிலிருந்து ஒரு டம்ளரைத் துழாவி எடுத்தார். "இதைப் பாரு. ஆனந்தன் பேர் போட்டது. இதையும் அதுலதான் கழுவறேன். பாரு சீக்கிரம்!"

தேய்த்தான். டார்ச் வெளிச்சத்தில் பெயருக்குக் கீழே எவர்சில்வர் பளபளவென்று வெறுமையாக இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா கீது."

அவர் மூச்சு விட்டது அழுகைபோலக் கேட்டது. டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு புரை விழுந்த கண்களை மெல்ல அவன் பக்கம் திருப்பினார்.

"தம்பி. உன் டப்பாவுல பேர் ஏதாவது..."

டக். டக். டக்.

இப்போது பிடிபட்டது. பூந்தமல்லிக் கடைத்தெரு. கல்யாணமான புதுசில் கஸ்தூரியோடு குடம் வாங்கிவிட்டு, அதில் பெயர் வெட்டுவதற்காக அரைமணி நேரம் நின்றிருந்தான். வாசலில் சம்மணமிட்ட ஒருவர், குடத்தை மடியில் சாய்த்து, சிற்றுளியை வைத்துச் சுத்தியலால் தட்டுவார். நான்கைந்து தட்டு. நிறுத்தி, உளியை நகர்த்தி, மறுபடி.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

இரைச்சல் அடங்கியது. தண்ணீர் பீய்ச்சுவது நின்றது. மழை மட்டும் கேட்டது.

டக்.

வயர் அவன் கையில் இருந்தது. இரண்டு பித்தளைக் காலும் அவன் விரலுக்கு நடுவே இருந்தன.

டக். டக்.

கதவின் பிடியை இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். கதவு கொதித்தது. ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினான். கை வழுக்கி விரல் கணு கிழிந்தது. மறுபடி நெம்பினான்.

"போன், போன் கீதாம்மா உங்க வூட்ல?"

"மூணு நாளா செத்துக் கெடக்குப்பா, மழையில..."

செத்து என்ற சொல்லோடு அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொக்கி உடைந்தது. கதவு தடாலென்று விழுந்தது. வெந்நீர் ஆவி முகத்தை மூடியது. அதில் தயிர் வாசனை இருந்தது. கையை விட்டுத் துழாவினான். டப்பா. தள்ளினான். மூடி. எடுத்தான். விரல் வெந்தது. விடவில்லை. சட்டையில் துடைத்தான்.

கஸ்தூரி. 7-6-87.

கீழே, அதே புள்ளிகள். அதே கையெழுத்து.

18-11-9

அவ்வளவுதான் இருந்தது. அதற்குப் பிறகு வெறும் எவர்சில்வர்.

சுவரில் தினசரி நாள்காட்டி. வெள்ளிக்கிழமை. பதினெட்டு. நவம்பர். 1994.

முடியவில்லை. இன்னும் ஓர் எண் பாக்கி. வெளியே எடுத்துவிட்டான். உள்ளே இருந்தால்தானே வெட்டும். ஐந்தாகக்கூட இருந்திருக்கலாம். ஒன்பதாக இருந்திருக்கலாம். அடுத்த வருஷம். ஐந்து வருஷம். யாருக்குத் தெரியும்.

"என்னப்பா போட்டிருக்கு?" என்றார் பார்வதம். "சொல்லேன்ப்பா."

மெஷின் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கம்பித் தட்டும், சொட்டுகிற நீரும்தான்.

டக்.

சத்தம் அங்கிருந்து வரவில்லை.

மூடியில், ஒன்பதுக்கு அடுத்து, ஒரு சிறு குழி விழுந்திருந்தது. அவன் கண் முன்னால் அதற்குக் கீழே, இடப்பக்கம் சாய்ந்து, இன்னொன்று. டக். இன்னொன்று. ஐந்து இப்படித் தொடங்காது. ஒன்பதும் இப்படித் தொடங்காது.

கட்டைவிரலை அதன்மேல் வைத்தான். முழு பலத்தோடு அழுத்தினான். எலும்பு வலிக்க அழுத்தினான். தூரத்தில், மழைக்குள், அம்பத்தூர் பக்கம் போகிற வண்டி கூவியது. அசையவில்லை அவன். விரலை எடுக்கக் கூடாது. எடுக்கவே கூடாது.

விரலுக்கு அடியில், தகட்டுக்குள்ளிருந்து, பொறுமையாக, ஓர் உளிமுனை அவன் தோலைத் தொட்டது.

டக்.