சமையல்காரியின் சாட்சியம்

மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில் அந்த விடுதியின் இரும்புக் கதவைத் தட்டினேன். மில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த மாடிக் கட்டடம். காய்ச்சலுக்குப் பிறகு பூட்டிக் கிடந்ததை மறுபடி திறக்கப் போகிறார்கள் என்று சுவரெல்லாம் வெள்ளையடித்திருந்தது. ஆனாலும் தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை ஈரம் ஏறி, புதுச் சுண்ணாம்பு உப்பிப் பெயர்ந்துகொண்டிருந்தது.

என் தங்கை அங்கே சமையல்காரியாக இருந்தாள். கணவன் போன பிறகு, அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் வேலைக்குப் போனவள். போன மழைக்காலத்தில் விடுதிக்குள் டைஃபாய்டு புகுந்தது. பாதிப் பேர் படுத்தார்கள். இரண்டு பெண்கள் எழுந்திருக்கவேயில்லை. மேனேஜர் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார்: சமையல்காரியின் கை. கழிவறைக்குப் போய்விட்டுக் கழுவாத கையால் மாவு பிசைந்தாளாம். எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நிறுத்தி, விரல்களை விரித்துக் காட்டச் சொல்லி, அவளை வெளியே அனுப்பினார். வீடு வந்து சேர்ந்த சில நாளில் அவளுக்கும் அதே காய்ச்சல் கண்டது. அப்படியானால் நோய் அவளிடமிருந்துதான் கிளம்பியது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அவள் இறந்தாள். பேச்சு இறக்கவில்லை.

எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் இருந்த நாள் உண்டு. அழுக்கு இருந்த நாள் கிடையாது.

என் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் வெகுநேரம் உட்கார்ந்து பேசினார்கள், சிரித்தார்கள். வைத்த தண்ணீரை ஒருவர்கூடத் தொடவில்லை. அவர்கள் போன பின் மகள் நிறைந்திருந்த டம்ளர்களை எடுத்தாள். "விடுங்கப்பா, தேய்க்கிற வேலை மிச்சம்" என்றாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

ஆகவே, தங்கையின் பெட்டியை எடுத்துப்போக வருகிறேன் என்று நான் சொல்லி அனுப்பியது பாதி உண்மைதான். மேனேஜர் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். நாலு பேர் பார்க்க, எங்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது.

கதவைத் திறந்தவர் மேனேஜரேதான். கையில் மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில்.

"வாங்க பெரியவரே. பெட்டி கிச்சன்ல இருக்கு. இதுக்காக இவ்வளவு தூரம் வரணுமா? யார்கிட்டயாவது குடுத்து விட்டிருப்பேனே."

"யார்கிட்டயாவது வாங்கிக்கற வழக்கம் எங்களுக்கு இல்ல."

சமையலறை பின்பக்கத்தில் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல். வெளியே மேகம் திரும்பக் கவிந்து, உள்ளே பகல் அணைந்துகொண்டிருந்தது. பினாயில் வாடை மூக்கில் ஏறியது. அந்த வாடைக்கு அடியில் வேறொன்று, நெடுநாள் மூடிவைத்த எதுவோ ஊறி நொதித்த நாற்றம், பதுங்கியிருந்தது.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"உங்க வீட்டுக்கு வந்து தண்ணி குடிக்கணுமா? நல்லா இருக்கே! நான் இந்த விடுதித் தண்ணியவே வாயில வைக்கறதில்ல." பாட்டிலை ஆட்டிக் காட்டினார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது. "அது... எனக்கு வயிறு ஒத்துக்காது."

"என் தங்கச்சி கை சுத்தம்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? அந்தம்மா போய்ச் சேர்ந்தாச்சு. இப்போ யாரு வந்து சாட்சி சொல்லப் போறா? நீங்களா?"

சாட்சி என்ற சொல் காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. நீதிமன்ற வராந்தாவில் நின்று சாட்சிகளைக் கூப்பிடுவதுதான் என் ஆயுட்கால உத்தியோகம். மும்முறை கூப்பிடுவேன். தெருக்கோடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவனும் கண்ணாடி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வருவான்.

அன்றும் கூப்பிட்டேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. பழி விழுந்தது அவள் பார்த்த வேலையின் மேல்.

"விடுதிச் சமையல்காரி!"

வெற்றுப் பாத்திரங்கள் என் குரலைத் திருப்பித் தந்தன.

"விடுதிச் சமையல்காரி!"

மேனேஜர் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார்.

"விடுதிச் சமையல்காரி!"

எங்களுக்குப் பின்னால் குழாய் திறந்தது.

கை கழுவும் சத்தம். உள்ளங்கையோடு உள்ளங்கை. பிறகு விரல் இடுக்குகள். பிறகு நகக்கண். அவசரமே இல்லாமல், ஒரு விரலையும் விடாமல். திரும்பிப் பார்த்தோம். தொட்டியருகே யாரும் இல்லை. சோப்பு நுரை மட்டும் சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது.

"வாஷர் போயிருக்கும்..." என்றார் மேனேஜர். "பழைய குழாய் பெரியவரே..."

குழாய் நின்றது.

"சார்."

என் தங்கையின் குரல். காய்ச்சலில் வறண்டுபோன கடைசி நாளின் குரல்.

"தண்ணி நாறுது சார்."

நான் மேனேஜரின் முகத்தைப் பார்த்தேன். புதிதாக ஒன்றைக் கேட்டவரின் முகமாக அது இல்லை. இதே வார்த்தைகளை, இதே இடத்தில், அவர் பலமுறை கேட்டிருக்கிறார்.

"புள்ளைங்க குடிக்குதுங்க சார்."

பின்வாசலுக்கு வெளியே காங்கிரீட் மூடி ஒன்று தரையில் உராயும் சத்தம் கேட்டது. இரண்டு ஆள் சேர்ந்தால்தான் நகரும் மூடி. மேனேஜரின் கையிலிருந்து பாட்டில் விழுந்து உருண்டது. அவர் நடக்கத் தொடங்கினார். அப்படிச் சொல்வது சரியல்ல. அவரை யாரோ இட்டுச் சென்றார்கள். வலது மணிக்கட்டில் ஐந்து ஈர விரல்களின் தடம் அழுந்தியிருந்தது.

நானும் பின்னாலேயே போனேன்.

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி வாய் திறந்து கிடந்தது. அதற்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கழிவறைக் குழியின் மூடி. தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். குழிப் பக்கச் சுவரில் ஒரு கறுத்த விரிசல். மழையில் ஊறிய மண் அங்கே பிதுங்கியிருந்தது. அதன் நடுவிலிருந்து ஏதோ கொழகொழவென்று தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் நிலம் வயிறு உப்ப, குழி இந்தத் தொட்டிக்குள் கசிந்திருக்கிறது. அதைத்தான் அந்தப் பெண்கள் குடித்தார்கள். என் தங்கையும் குடித்தாள்.

"குழிய இங்க வெட்டினது யாரு?"

"விடுதி முதலாளி." மேனேஜர் மண்டியிட்டிருந்தார். "பழைய குழி இருந்த இடம் கார் நிறுத்த வேணும்னாரு. தொட்டிக்கு ரொம்பப் பக்கம்னு நான் சொன்னேன் பெரியவரே, சத்தியமா சொன்னேன். காய்ச்சல் வந்ததும் திறந்து பார்த்தோம். வெளிய தெரிஞ்சா விடுதிய நிரந்தரமா மூடிடுவாங்க, யார் தலையிலயாவது போடுன்னாரு..."

தண்ணீரின் மேற்பரப்பு அசைவற்று இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. அவர் முகம் தெரிந்தது.

நடுவில் இன்னொரு முகம்.

மேனேஜரின் தலை கீழே இறங்கத் தொடங்கியது. பின்னங்கழுத்துச் சதை, யாரோ உள்ளங்கையால் அழுத்துவதுபோல் குழிந்தது. "பிடிங்க! பெரியவரே, பிடிங்க!" என்று அலறினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் உதடு தண்ணீரைத் தொடும் நேரத்தில்தான் பேசினேன்.

"விடும்மா. இங்க வேண்டாம். நம்ம வீட்டுல வந்து குடிக்கட்டும்."

பிடி தளர்ந்தது.

மறுநாள் காலை அவர் வந்தார். கூப்பிடாமலே தெரு கூடியது. வாசலில் நின்று குழியையும் விரிசலையும் பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எங்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் இருந்த எதிர்வீட்டு டைலரின் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் கொண்டுவந்த தண்ணீரை மேனேஜர் இரு கையாலும் வாங்கி, மூச்சு விடாமல் குடித்தார்.

"எனக்கும் ஒரு வாய் குடுடி" என்றாள் டைலரின் மனைவி. "இவ்வளவு நாள் நாக்குல நரம்பில்லாமப் பேசினதுக்குக் கழுவிக்கறேன்."

"அப்போ ஒரு சொம்பு பத்தாதே அக்கா" என்றாள் என் மகள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அது நிறைந்திருந்தது.

ஒருவேளை சரியாகக் குடிக்கவில்லை என்று எண்ணினாரோ என்னவோ, மறுபடி எடுத்துக் குடித்தார். வைத்தார். நிறைந்திருந்தது. "போதும்" என்றார். கை கேட்கவில்லை. மணிக்கட்டில் ஈரத் தடம். கை உயர்ந்தது, வாய் திறந்தது, தொண்டை ஏறி இறங்கியது. மூக்கு வழியாகத் தண்ணீர் கொட்டியது. "நாறுது... நாறுது..." என்று குழறினார். எங்கள் கண்ணுக்கு அது பளிங்குபோல் இருந்தது.

மகள் சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அப்பா, நான் ஊத்தலப்பா."

"தெரியும்மா. உங்க அத்தை யாரையும் அரை வயித்தோட அனுப்பினதில்ல."

அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டார். குழாய் இல்லாத அறையாகக் கேட்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

விடுதிக்குச் சீல் வைத்த மறுவாரம், எங்கள் தெருவுக்குள் நுழையவே இடம் போதாத ஒரு கார் வந்து நின்றது. முதலாளி. பட்டுப் போன்ற குரலில் பேசினார். "ஐயா, நடந்தது நடந்துபோச்சு. உங்க தங்கச்சி விஷயத்துல நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. செஞ்சிடறேன்."

"உள்ள வந்து உக்காருங்க" என்றேன். "வீட்டுக்கு வந்தவர் தண்ணி குடிக்காமப் போகக்கூடாது."

மகள் சொம்பை எடுத்தாள். வேண்டாம் என்று கைகாட்டினேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். வெறும் டம்ளரை மட்டும் அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலாளி டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றார். "காலி டம்ளரை வெச்சுட்டுப் போறாங்களே ஐயா?"



டம்ளரின் அடியில் ஈரம் அரும்பி, சத்தமில்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.