பதினைந்து ராத்தல்

கயிறு முனகியது. காற்றே இல்லாத பிற்பகல்; மன்னார்புரத்து வாடகை வீட்டில் கொடித்துணிகூட அசையவில்லை. தன் குறட்டைதான் என்று ரத்தினவேல் சமாதானம் செய்துகொண்டார். விழித்துக்கொண்டு படுத்திருப்பவருக்குக் குறட்டை ஏது?

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மேஸ்திரி. இளவட்டங்கள் சிரித்தார்கள் என்று, நாற்பத்தெட்டு வயதில் நெல்மூட்டையைத் தூக்கிக் காட்டிய மகான். மூட்டை ஏறியது, முதுகுத்தண்டில் வட்டு நழுவியது. திருச்சி டாக்டர் அவரைப் பலகைக் கட்டிலில் மல்லாத்தினார். இடுப்பில் கொக்கி வைத்த தோல்வார், வாரிலிருந்து கயிறு, கயிறு கால்மாட்டு ராட்டினத்தில் ஏறி இறங்க, அதன் நுனியில் பதினைந்து ராத்தல் எடை. இருபத்தோரு நாள். நடுவில் அவிழ்த்தால் கால் விளங்காமல் போகலாம்.

எடைக்குக் கல் கொண்டுவந்தவன் மைத்துனன் அழகிரி. ஆலைத் தராசில் நிறுத்து, செதுக்கி, கச்சிதமாகப் பதினைந்து. அது ஏது கல் என்று பத்தொன்பதாம் நாளான அன்றுதான் ரத்தினவேலுக்குக் கேட்கத் தோன்றியது.

"சமயபுரம் ரோட்ட அகலப்படுத்துறாங்க மாமா. சுமைதாங்கிய இடிச்சுப் போட்டிருந்தாங்க. அதுல ஒரு துண்டு."

கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த மனைவி மயிலம்மாளின் கை நின்றது. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே செத்தவளுக்குத்தான் சுமைதாங்கி வைப்பார்கள். வழிப்போக்கர்கள் அதன்மேல் மூட்டையை இறக்க இறக்க, அவள் பாரமும் இறங்குமாம்.

"அவுத்துடலாங்க" என்றாள்.

"பத்தொம்போது நாள் தாங்கிட்டேன். ரெண்டு நாளுக்குப் பயந்து நொண்டியாகச் சொல்றியா?"

மறுநாள் பிற்பகல், தனியாக இருந்தபோது, விளக்கெண்ணெயும் வேப்பிலையும் கலந்த பிரசவ வீட்டு வாடை மெல்ல அறைக்குள் நிறைய, கயிறு இழை இழையாக முறுகிக்கொண்டு இழுத்தது. இருபது ராத்தல். முப்பது. ஆலைக்காரன் இடுப்புக்கு எடை தெரியும். கால்மாட்டில் ஒரு பெருமூச்சு. பெண்ணின் மூச்சு. வார் இறுகியது. கை கொக்கிக்குப் போனது.

திரும்பியது.

"இந்தாம்மா," என்றார். "இன்னும் நாலு மூட்டைகூட எம்மேல இறக்கிக்க. நாளைக்குத்தான் அவுப்பேன்."

இருபத்தோராம் நாள் அவரே கொக்கியை அவிழ்த்தார். எழுந்தார். முழங்கால் ஆடியது, முதுகு நிமிர்ந்தது. மயிலம்மாள் அழுதாள். கல்லை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வர, அழகிரி கயிற்றோடு அதைத் தூக்கிக்கொண்டு போனான்.

கட்டிலில் வார் மட்டும் கிடந்தது.

தட்டையாக இல்லை. நிறைமாத வயிறுபோல் மேடிட்டிருந்தது. ஏறி இறங்கியது.

ரத்தினவேல் ஓடவில்லை. நிற்கவே இன்றுதான் கற்றிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்தே நின்றார்.

வாரின் தோலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் உதைத்தது.