தாழிக்குள் விழுந்த வளையல்

“ஆண்,” என்றது தாழிமானி.

இன்பவல்லி தாழிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே கால் மடித்து உட்கார வைக்கப்பட்டிருந்தவள் இறந்துபோன அவளுடைய தோழி செவ்வந்தி. பிறப்பில் ஆண் என்று எழுதப்பட்டு, விவரம் தெரிந்த நாள் முதல் பெண்ணாகவே வாழ்ந்தவள். இன்பவல்லியோடு சேர்ந்து இந்தத் தாழிமானியை உருவாக்கியவளும் அவள்தான்.

இப்போதெல்லாம் யாரும் எரிப்பதில்லை. ஆதிகாலம் போலத் தாழியில் வைத்து, படையல் பொருட்களை அடுக்கி மூடுகிறார்கள். மூடும் முன் தாழிமானி அந்தப் பொருட்களைப் படித்து, போனவர் ஆணாக வாழ்ந்தாரா, பெண்ணாக வாழ்ந்தாரா என்று சொல்லும். அதுதான் நடுகல்லில் ஏறும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது கருமேட்டு அகழாய்வு. மூவாயிரம் ஆண்டுப் பழைய தாழி ஒன்றில் ஆணின் எலும்பு, ஒரு வாள், ஒரு சங்கு வளையல். பெரிய பெரிய அறிஞர்கள் எலும்பைப் பார்த்து ஆண் என்று முடித்துவிட்டார்கள். “எலும்பு பிறந்ததைச் சொல்லும், வாழ்ந்ததைப் படையல்தான் சொல்லும்” என்று தோழிகள் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். வாள் அபூர்வமாகப் பெண்களோடும் புதைக்கப்பட்டதுண்டு, வளையல் ஆண்களோடு புதைக்கப்பட்டதில்லை என்று கணக்குப் போட்டு, அவர்கள் அதற்காகவே செய்த தாழிமானி “பெண்” என்றது. செவ்வந்தி ஓவென்று அழுதாள். “என்னை மாதிரி ஒருத்தி அப்பவே இருந்திருக்காடி!”

அன்று முதல் அதேபோல ஒரு சங்கு வளையல் அவள் கையை விட்டு இறங்கியதேயில்லை. இப்போது இறங்கியிருந்தது. தாழிக்குள் வேட்டி, சவரக்கத்தி, ஒரு வாள். படையல் வைக்கும் உரிமை இரத்த உறவுக்குத்தான். வைத்தவன் தம்பி தனபால்.

“வளையல் எங்கடா?”

“எங்கண்ணனுக்கு ஏதுக்கா வளையல்?”

“அண்ணனா? போன மாசம் வரைக்கும் அவ கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டு அக்கா, அக்கான்னு வாய் நிறையக் கூப்பிட்டியேடா, பாவி!”

அவன் தரையைப் பார்த்தான். “பொண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம். நடுகல்லை நாலு பேரு பாப்பாங்கல்ல? எதை வச்சா என்ன வரும்னு நீங்கதானக்கா காப்பி குடுத்து, உக்கார வச்சு விளக்குனீங்க?”

உண்மைதான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்ய வழி சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அவன் சட்டைப்பை புடைத்திருப்பதைக் கண்டாள். கையை விட்டு வளையலைப் பிடுங்கித் தாழிக்குள் எறிந்தாள். அது வாளின் பிடியில் மாட்டி, விளிம்புக்குக் கீழே சாய்ந்து நின்றது.

“பெண்,” என்றது தாழிமானி.

தனபால் கையை விட்டு எடுத்தான்.

“ஆண்.”

வெட்கமே இல்லாமல் சொன்னது. அவள் மறுபடி பாய்வதற்குள் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“அவ யாருன்னு எனக்குத் தெரியும்!” என்று இயந்திரத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“படையல் மட்டுமே சான்று. வாய்மொழி ஏற்கப்படாது,” என்றது அது. அந்த விதியை எழுதியவள் இன்பவல்லி. தாழி மூடப்பட்டது.

நேரே அருங்காட்சியகத்துக்குப் போனாள். கருமேட்டுத் தாழியின் பக்கத்தில், அதைத் திறந்தபோது எடுத்த படம் மாட்டியிருந்தது. அதில் வளையல் கை எலும்பில் இல்லை. விளிம்புக்குக் கீழே, வாளின் மேல் சாய்ந்து கிடந்தது. எலி இழுத்துப் போட்டிருக்கும் என்று அவளே தன் அறிக்கையில் ஒரே வரியில் முடித்திருந்தாள்.

எலியாவது, மண்ணாங்கட்டியாவது! அன்றைக்கும் ஒரு தம்பி வாளை வைத்திருக்கிறான். அன்றைக்கும் ஒருத்தி ஓடிவந்து வளையலை எறிந்திருக்கிறாள். அதை யாரும் எடுப்பதற்குள் மூடி விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

சுற்றிலும் வாள் மட்டுமே கிடைத்த தாழிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் ‘ஆண்’ என்று சீட்டு. அவளும் செவ்வந்தியும் சிரித்துப் பேசிக்கொண்டே ஒட்டிய சீட்டுகள்.