ஆறடி ஏழங்குலத்தைக் காணவில்லை

1984-ஆம் வருடம், வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத வேளையில், பாரத தேசத்துக் கூடைப்பந்தின் எதிர்காலம் திண்டிவனத்தில் காணாமல் போயிற்று.

கடைசியாகப் பார்த்தபோது அது கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தது.

இந்தப் பேரிழப்பை தேசம் உடனே அறியவில்லை. தேசம் தூங்கிக்கொண்டிருந்தது. சர்க்கார் தரப்பில் முதலில் அறிந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கன்.

அவரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்... ஸ்டேஷன் நாற்காலியில்.

டெலிபோன் அலறியது.

"நான் அரங்கநாதன் பேசறேன்."

"எந்த அரங்கநாதன்?"

எதிர்முனை புண்பட்டது.

திண்டிவனத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அரங்கநாதன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் முதலாளி. மூன்று வருடமாகக் கூடைப்பந்துக் கழகத் தலைவர். அந்தப் பந்து எந்தப் பக்கம் கனம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அதைக் கக்கத்தில் இடுக்கியபடி எடுத்துக்கொண்ட போட்டோ, மண்டியில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் மாட்டியிருந்தது.

"தலைவர் அரங்கநாதன்."

"சொல்லுங்க தலைவரே."

"பச்சைமுத்துவக் கடத்திட்டாங்க."

பாண்டுரங்கனின் தூக்கம் கலைந்தது. பச்சைமுத்துவைக் கடத்துவதா? அவனைத் தூக்கவே நாலு ஆள் வேண்டுமே...

*

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறை. கோடை விடுமுறையில் அங்கேதான் பயிற்சி முகாம்.

ஜன்னல் கம்பிகளில் இரண்டு வெளிப்பக்கம் வளைந்திருந்தன. ஜன்னலுக்குக் கீழே ஒற்றைக் கேன்வாஸ் ஷூ. தோணி மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்தில்...

ரத்தம்.

சொட்டுச் சொட்டாக, ஏழெட்டு இடத்தில்.

கான்ஸ்டபிள் ராயப்பன் குனிந்து பார்த்தார். "மனுச ரத்தம்தான் சார்."

"எப்படிய்யா சொல்ற?"

"ஆடு இங்க தங்கல சார்."

பெஞ்சின் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பி.டி. வாத்தியார் இருதயராஜ். கழுத்தில் விசில். தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"நான்தான் சார் கதவ வெளிய பூட்டுனேன்" என்றார் வாத்தியார். "ராத்திரி ரெண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போயிடப் போறானேன்னு. அது தப்பா சார்?"

"தப்பு இல்ல. பையன் எப்படி? சண்ட சச்சரவு?"

"கொழந்த சார் அவன். வல்லத்துல மூட்ட எறக்கிக்கினு இருந்தான். லாரி மேல நிக்கிற ஆளுக்குத் தரையில நின்னுக்கினே மூட்டைய கையில குடுத்தான். சைக்கிள அப்படியே போட்டுட்டு ஓடிப் போய் அவன் கையப் புடிச்சிக்கினேன்."

"வயசு?"

"பதினேழு."

வாத்தியார் விசிலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து எத்தினியோ பசங்கள பழக்கிட்டேன் சார். ஒருத்தன்கூட ஜில்லாவத் தாண்டல. இவன் பதினெட்டு தாண்டாத பசங்களோட தேசிய ஜூனியர் டீம் வாசப்படியில நிக்கறான். பதினோரு பேர் முடிவாயிட்டாங்க. ஒரு எடம்தான் பாக்கி. அடுத்த மாசம் வெளிநாட்டுல போட்டி. மெட்ராஸ்லேர்ந்து தேர்வாளர் சீனுவாசன் சாயந்தரம் நாலு மணிக்கு விழுப்புரம் மைதானத்துக்கு வர்றாரு. இவன் ஆட்டத்தப் பாத்துட்டு கையெழுத்து போடுவாரு. ஆள் இல்லன்னா... அந்த எடம் வேற ஸ்டேட்டுக்குப் பூடும் சார்."

அரங்கநாதன் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் அடுத்து சொற்பொழிவு என்று அர்த்தம்.

"எஸ்.ஐ. சார். இது சாதாரணக் கடத்தல் இல்ல. அந்நிய சதி. நம்ம பாரதம் ஆசியாவுல தல நிமிந்துடக் கூடாதுன்னு எவனோ ஒரு நாட்டுக்காரன்..."

"அவன் திண்டிவனத்துக்கு எப்படி தலைவரே வந்தான்? பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்லயா?"

"கிண்டல் பண்ணாதீங்க. விடியக்காலம் மண்டிக்கு போன் வந்துது. நானே எடுத்தேன். 'பச்சைமுத்து எங்ககிட்ட இருக்கான். போலீசுக்குப் போனா பேஜாரா பூடும்'னு சொல்லிட்டு டப்புனு வெச்சிட்டான்."

"அந்நிய நாட்டுக்காரன் 'பேஜாரா பூடும்'னு சொன்னானா?"

"பழகிக்கினு வந்திருப்பான் சார்."

பாண்டுரங்கன் வாத்தியார் பக்கம் திரும்பினார். சில மனிதர்களுக்குப் பதில் சொல்வது சர்க்கார் நேரத்தை வீணடிப்பது.

"வாத்தியாரே, நீங்க விழுப்புரம் போங்க. அந்த சீனுவாசனுக்கு காபி வாங்கிக் குடுங்க, டிபன் வாங்கிக் குடுங்க, எதையாவது பேசிக்கினு இருங்க. நாலு மணிக்குள்ள உங்க பையன உயிரோட கொண்டாறது என் பொறுப்பு."

சொன்ன பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

*

ஆனால் துப்பறிவதில் ஒரு சௌகரியம் இருந்தது.

ஆறடி ஏழங்குலத்தை யாரும் ரகசியமாகக் கடத்த முடியாது.

மரக்காணம் ரோட்டில் டீக்கடை போட்டிருந்த பாஞ்சாலி, பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பாத்தேன் சார். ஒரு டெம்போ போச்சி. பின்னாடி ரெண்டு காலு வெளிய நீட்டிக்கினு இருந்துச்சி. ஒரு காலுல ஷூவு, ஒரு காலு வெறுங்காலு. நீட்டுக்கம்பு ஏத்துனா செவப்புத் துணி கட்டுவாங்களே... அந்த மாதிரி வெறுங்காலு கட்டவெரல்ல ஒரு துணி கட்டி இருந்தாங்க."

"உயிரு இருந்துதா?"

"காலாட்டிக்கினு போச்சி சார்."

"எந்தப் பக்கம்?"

"பிரம்மதேசம் பக்கம்."

ஜீப் பறந்தது. பின்னால் அரங்கநாதனின் அம்பாசடர், மரியாதையான தூரத்தில். துப்பாக்கி சுட்டால் எட்டாத தூரம் அது.

*

பிரம்மதேசத்தைத் தாண்டி ஒரு தோப்பு. தோப்புக்குள் ஒரு ஐயனார் கோயில்.

உறுமல் சத்தம். மேளம். புகை.

பாண்டுரங்கன் ஒரு பனைமரத்துக்குப் பின்னால் பதுங்கினார். ராயப்பன் அவருக்குப் பின்னால் பதுங்கினார். பாண்டுரங்கன் ரிவால்வரை எடுத்தார். போன தீபாவளிக்குப் பிறகு அது இன்றுதான் வெளிச்சத்தைப் பார்க்கிறது.

கூட்டத்தின் நடுவே, எல்லாத் தலைக்கும் மேலே, ஒரு தலை.

தலையில் கட்டு. கட்டில் ரத்தக் கறை. கழுத்தில் மாலை.

பச்சைமுத்து.

பக்கத்தில் ஒரு ஆள் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான்...

"நரபலி சார்" என்றார் ராயப்பன் காதுக்குள்.

"கைய தூக்குங்கடா எல்லாரும்!"

மேளம் நின்றது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. பச்சைமுத்துவின் கை உயர்ந்ததும் மாமரத்திலிருந்து இரண்டு காய் உதிர்ந்தது.

கத்திக்காரன் கத்தியைக் கீழே போட்டான். "நான் பரியாரிங்க. இப்பத்தான் மொட்ட அடிச்சி முடிச்சேங்க."

"எவன்டா இவனக் கடத்துனது?"

பலகையில் உட்கார்ந்திருந்த ஒரு குள்ள மனிதன் கையை இறக்காமலே பேசினான். "கடத்தலைங்க. இட்டாந்தோம். எம் பேரு முருகையன். யாரும் தேடக் கூடாதேன்னு நான்தான் மண்டிக்கு போன் பண்ணேன். வாத்தியாரு கதவப் பூட்டிட்டாரு, அதான் ஜன்னல் வழியா..."

"ரத்தம்?"

"பூந்தப்போ மேல இடிச்சிக்கிச்சி சார்" என்றான் பச்சைமுத்து. "எல்லா ஊட்லயும் இடிக்கறதுதான்."

"எதுக்குடா இட்டாந்தீங்க?"

முருகையன் யோசிக்காமல் சொன்னான். "காது குத்துங்க. கொழந்தைக்குத் தாய்மாமன் பச்சைமுத்துதான். மாமன் இல்லாம எப்படி சார் காது குத்தறது? மடியில ஒக்கார வெக்கணுமே."

நியாயமான பதில். பாண்டுரங்கன் ரிவால்வரை உறையில் போட்டார். அவருக்கும் நாலு அக்கா. எட்டு முறை மடி கொடுத்தவர். ஒரு முறை வேட்டி நனைந்தது.

திரும்பப் போனவர்... நின்றார்.

மெல்ல முருகையன் பக்கம் திரும்பினார்.

"யோவ். அவன் தாய்மாமன்னா, கொழந்த ஒம் மடியில இன்னா பண்ணுது?"

முருகையன் தன் மடியைப் பார்த்தான். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு ஆண் குழந்தை அங்கே பொரி தின்றுகொண்டிருந்தது. வேறு யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைப் போல அவன் அதைப் பார்த்தான்.

குழந்தை கையை நீட்டியது. மேலே... இன்னும் மேலே...

"ப்பா."

அது பார்த்தது பச்சைமுத்துவை.

*

"இருவத்தி நாலு நடக்குது சார்" என்றான் பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டு. குனிந்தும் பாண்டுரங்கனைவிட உயரமாகத்தான் இருந்தான்.

"வாத்தியாருகிட்ட பதினேழுன்னு ஏன்டா சொன்ன?"

"நான் சொல்லல சார். 'பதினேழு இருக்குமாடா'ன்னு அவராத்தான் கேட்டாரு. எவ்ளோ ஆசையா கேட்டாரு தெரியுமா? படிச்ச மனுசன் கேக்கறாரு... இல்லன்னு எப்படி சார் சொல்றது?"

அவன் மனைவி அம்சவள்ளி முன்னால் வந்தாள். அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சார், ஒரு வார்த்த. அந்த இந்தியா பனியன ஒருவாட்டி போட்டுட்டா ரயில்வேல வேல குடுப்பாங்களாம். இல்லன்னா இது மறுபடி மூட்டதான் தூக்கணும். ஒசரமா இருக்கிறவன் தலையிலதான் கனமான மூட்டையா பாத்து வெக்கறாங்க. ராத்திரில முதுவு புடிச்சிக்கினு திரும்பிக்கூட படுக்க முடியல. கொழந்தைக்குக் காது குத்த அப்பங்காரன் வரணும்னு எங்கம்மாதான் புடிவாதம் புடிச்சிச்சி. தப்பு எங்களுது. அது ஆட்டத்துல ஒரு தப்பும் இல்ல சார். புடிச்சி உள்ள போடணும்னா எங்கண்ணன போடுங்க."

"இன்னாம்மா நீ" என்றான் முருகையன்.

பாண்டுரங்கன் தோப்புக்கு வெளியே பார்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அம்பாசடருக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது கூடைப்பந்துக் கழகம்.

சட்டம் தெரியும் அவருக்கு. மூட்டை தூக்குகிற முதுகும் தெரியும். அவருடைய அப்பா முதுகு அது. காது குத்த ஊசியோடு காத்திருந்த பத்தர் பக்கம் திரும்பினார்.

"பத்தரே, ஜல்தி குத்துங்க. எல்லாரும் ஜீப்ல ஏறுங்க."

"சார், நம்ம ஜீப்புல இவன் எப்படி..." என்றார் ராயப்பன்.

"காலுக்கு செவப்புத் துணி கட்டுய்யா."

*

விழுப்புரம். ஜங்ஷனுக்குப் பக்கத்து மைதானம். நாலு மணி.

தேர்வாளர் சீனுவாசன் ஒல்லியான மனிதர். கையில் பிளாஸ்க். இருதயராஜ் வாங்கிக் கொடுத்த ஆறு இட்லிக்குப் பிறகு அவர் மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஜீப்பைப் பார்த்ததும் வாத்தியார் ஓடிவந்தார். பச்சைமுத்துவின் கட்டைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். வாயில் விசில் இருந்ததால் விம்மல் விசிலாக வந்தது.

அரங்கநாதன் மைக்கைப் பிடித்தார். அந்நிய சதியை எப்படித் தான் நேரில் நின்று முறியடித்தார் என்று விளக்கினார். நல்லவேளை, மின்சார வாரியத்துக்கு ரசனை இருந்தது. கரண்ட் போயிற்று.

ஆட்டம் ஆரம்பித்தது.

அடடா... அதுவரை எங்கே போனாலும் குனிந்தே நின்றவன், அந்த மண் மைதானத்தில் முதல் தடவையாக நிமிர்ந்தான். ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் அவனுடையது. மூன்று பேர் மறித்தால் மூன்று பேருக்கும் மேலே கையை நீட்டி, சாமிக்கு மாலை போடுகிற மாதிரி பந்தை வளையத்துக்குள் வைத்துவிட்டு வந்தான்.

சீனுவாசன் பிளாஸ்க்கை மூட மறந்தார். பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான்...

பாண்டுரங்கனின் தோளில் இருந்த மொட்டை, காது வலி மறந்து, மைதானமே கேட்கிற மாதிரி கத்தியது.

"அப்பா... ப்பா..."

பச்சைமுத்து பந்தை விட்டுவிட்டுத் திரும்பினான். அம்சவள்ளி கண்ணை மூடிக்கொண்டாள். வாத்தியாரின் வாயிலிருந்து விசில் விழுந்தது.

சீனுவாசன் பேனாவை மூடினார். எழுந்து வந்தார்.

"யார் குழந்தை இது?"

"எம் பையன் சார்" என்றார் பாண்டுரங்கன்.

"உங்க பையன் அவன ஏன் அப்பாங்கறான்?"

"ஒசரமா எதப் பாத்தாலும் சொல்லுவான் சார். வர்ற வழியில தண்ணி டேங்க்கப் பாத்துகூட சொன்னான்."

குழந்தை பாண்டுரங்கனின் தொப்பியைத் தள்ளிவிட்டு, மைதானத்தை நோக்கித் தாவியது.

சீனுவாசன் அதைப் பார்த்தார். அம்சவள்ளியைப் பார்த்தார். பாண்டுரங்கனின் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். பின்னாலேயே இருதயராஜ்.

"இன்ஸ்பெக்டர். என்கிட்ட மறைக்காதீங்க. எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாகணும்."

போச்சு. பனியன் போச்சு, வேலை போச்சு, அம்சவள்ளியின் ராத்தூக்கம் போச்சு.

"கேளுங்க சார்."

"இவனுக்கு இந்த ஒரு குழந்தைதானா?"

"ஒண்ணுதான் சார்."

"வயசு?"

"அவனுக்கு இருவத்தி நாலு."

சீனுவாசன் ஒரு பெருமூச்சு விட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மூச்சு.

"அப்பாடா. கேப்டனோட பெரிய பொண்ணு அஞ்சாவது படிக்கறா. இன்னொருத்தனுக்கு முழங்கால் வாதம். டீம்லயே இவன்தான் சார் சின்னவன்."

பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். இருதயராஜ் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் ஜூனியர் அணி விமானம் ஏறியது. பச்சைமுத்துவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. அரங்கநாதனுக்கு மண்டியில் மாட்ட இன்னொரு போட்டோ கிடைத்தது.

அணி எல்லா ஆட்டத்திலும் தோற்றது.

ஜெயித்த பையன்களுக்கு நிஜமாகவே பதினேழு வயது.